ஒருவர் கண்ணுக்கா, இருவர் கண்ணுக்கா

ஹர்மாயார்வி,
11 ஆகஸ்ட் 2019

அன்புள்ள ஓஸ்மோ,

நலம்தானே? நானும் நலம். நாய் ரிப்புவுக்கு வயதாகிவிட்டதே தவிர, குரைப்பில் ஒரு குறைவும் இல்லை. என் வலது முழங்கால் மட்டும் என்னோடு வர மாட்டேன் என்கிறது.

இதைப் போனிலேயே கேட்டிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நமக்குள் சண்டை வந்துவிடும், உடனே நீ "சரி, வெச்சுடறேன்" என்பாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. முக்கியமானதை நான் கடைசியில்தான் எழுதுவேன் என்று உனக்குத் தெரியும், அதனால் முழுவதும் படித்தே தீருவாய்.

விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணமான வருஷத்திலிருந்து வேட்டையில் நான் விரட்டுகிறவர்களின் வரிசையில் நடந்தவள். சதுப்பிலும் புதரிலும் "ஹோய், ஹோய்" என்று தொண்டை கிழியக் கத்தி மூஸ் மான்களைக் கிளப்பி அனுப்புவேன். நீ ஏரி முனையில் உன் இடத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பாய். மூஸ் உன்னிடம் வரும், சுடுவாய், ஊரே உன் முதுகில் தட்டும். எனக்கு மிச்சம் ஈரக் காலுறை. குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். இனி அந்த நடை என் காலுக்கு ஆகாது.

போன வாரம் கௌகோ காப்பி குடிக்க வந்தான். வேட்டைக் குழுவுக்கு இந்த வருஷமும் அவன்தான் தலைவன். மூன்றாவது கோப்பை வரைக்கும் மழையைப் பற்றியே பேசினான். பிறகு தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே சொன்னான்:

"இர்மெலி, ஓஸ்மோவோட இடம் நாலு வருஷமா காலியா கெடக்கு. இந்த வருஷம் அவன் வந்தா அவன் நிக்கட்டும். வரலேன்னா நீ நில்லு. ரெண்டும் இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவேன். அப்புறம் எம்மேல வருத்தப்படக் கூடாது."

"அவன் வருவானா மாட்டானான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நீதானே பொண்டாட்டி."

"அதை நீ அவன்கிட்டயே கேளு" என்றேன். கௌகோவுக்குத் திடீரென்று வீட்டில் வேலை நினைவுக்கு வந்துவிட்டது, எழுந்து போய்விட்டான்.

ஆக, நான் நிற்பதென்றால் செப்டம்பரில் சுடுதேர்வில் தேற வேண்டும். துப்பாக்கிமேல் இருக்கிற பழைய இரும்புக் குறியில் எனக்கு இப்போது ஒன்றும் பிடிபடவில்லை. குறியின் முனையைப் பார்த்தால் மூஸ் மறைகிறது, மூஸைப் பார்த்தால் முனை மறைகிறது. தூரத்தைக் கிட்டத்தில் காட்டும் பெரிய கண்ணாடி நம் காட்டுக்கு உதவாது. இங்கே மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே கண் இமைக்கும் நேரம்தான் தெரியும், அதற்குள் சுட வேண்டும். துப்பாக்கிமேல் மாட்டுகிற சிவப்புப் புள்ளிக் கண்ணாடி வாங்கச் சொல்கிறார்கள் எல்லாரும். இரண்டு கண்ணையும் திறந்தபடி பார்க்கலாமாம், புள்ளி எங்கே விழுகிறதோ குண்டு அங்கே போகுமாம்.

கயானி டவுனில் வைனோவின் வேட்டைச் சாமான் கடையில் இரண்டு இருக்கிறது. ஒன்று ஜன்னல் மாதிரி, மற்றது குட்டைக் குழாய் மாதிரி. விலை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றேதான், அதுதான் சனியன். விலை வேறாக இருந்தால் மலிவானதை எடுத்துக்கொண்டு வந்திருப்பேன். கௌகோ ஜன்னல்தான் என்கிறான், அவன் தம்பி குழாய்தான் என்கிறான். அண்ணன் தம்பி இரண்டு பேரும் இப்போது பேசிக்கொள்வதில்லை.

உன்னைக் கேட்காமல் நான் வாங்க முடியாது. துப்பாக்கி உன்னுடையதும்தான். உரிமத்தில் உன் பெயர், அதன் கீழே என் பெயர். நாம் சேர்ந்திருக்கிறோமா பிரிந்திருக்கிறோமா என்று ஊரில் யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. போலீஸ்காரர்கள் கணக்கில் மட்டும் நாம் இன்னும் ஒரே துப்பாக்கிக்காரர்கள்.

ஹில்லாப் பழம் இந்த வருஷம் சதுப்பு முழுக்கக் காய்த்திருக்கிறது. ஜாம் போட்டு வைத்திருக்கிறேன். அங்கே நோர்வேயில் உனக்கு அறை வாடகைக்குக் கொடுத்த போர்ஹில் அம்மா இன்னும் உனக்கு வாஃபிள் சுட்டுப் போடுகிறாளா? போடட்டும், நன்றாக இருக்கட்டும்.

எந்தக் கண்ணாடி என்று எழுது. வேட்டை தொடங்குவது அக்டோபர் பன்னிரண்டு, சனிக்கிழமை. வருவாயா?

உன்
இர்மெலி


வார்டோ,
23 ஆகஸ்ட் 2019

என் இர்மெலி,

உன் கடிதம் வந்தபோது ஊரே பனிமூட்டத்துக்குள் இருந்தது. கடலிலிருந்து ஏறி வந்த மூட்டம், ஒரு வாரமாகப் போகவில்லை. தபால்காரி வந்ததை நான் பார்க்கவில்லை, அவள் செருப்புச் சத்தம்தான் வந்தது, பிறகு உன் கடிதம் கையில் இருந்தது. இங்கே எல்லாமே இப்படித்தான். மீன் தொழிற்சாலைக்கு நடந்து போகும்போது என் கால் எனக்கே தெரிவதில்லை. மோட்டாரைப் பிரிக்கிறேன், பூட்டுகிறேன், வெளியே வருகிறேன். காலையா மாலையா என்று வானம் சொல்ல மாட்டேன் என்கிறது. பறவைகள் மட்டும் மேலே எங்கேயோ கத்திக்கொண்டிருக்கின்றன. கொஞ்ச நாள் போனால் நாமே ஒரு கனவுக்குள் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறோமோ என்று தோன்றிவிடும்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் படுத்தேன். கனவில் ஏரி முனையில் உட்கார்ந்திருக்கிறேன். முன்னால் சதுப்பு, அதன்மேல் வெள்ளையாக ஆவி. அந்த ஆவிக்குள் ஒரு சிவப்புப் புள்ளி தானாக மிதந்துகொண்டு வருகிறது. துப்பாக்கியும் இல்லை, கண்ணாடியும் இல்லை. அது எங்கே நிற்கப் போகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அது நிற்பதற்குள் போர்ஹில் அம்மா கதவைத் தட்டிவிட்டாள். ஆம், வாஃபிள்தான். எழுபத்தொன்பது வயது அவளுக்கு, பொறாமைப்படுவதானால் வாஃபிள்மீது படு.

கண்ணாடி விஷயம் யோசித்தேன். ஜன்னல் மாதிரி இருப்பது எடை குறைவு. தலையை எப்படி வைத்தாலும், ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்தாலும்கூடப் புள்ளி தெரியும். திடீரென்று மூஸ் வந்தால் அதுதான் வேகம். ஆனால் மழைத்துளி கண்ணாடியில் விழுந்தால் கலங்கும், மின்கலம் தீர்ந்தால் புள்ளியே இல்லை. குழாயில் குறியைக் கண்ணாடியிலேயே செதுக்கியிருப்பார்கள், மின்கலம் செத்தாலும் கறுப்பாகத் தெரியும். பின்னால் ஒரு வளையம் இருக்கும், அதைத் திருப்பி அவரவர் கண்ணுக்குச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் கண்ணை ஒரே இடத்தில் வைக்க வேண்டும், கொஞ்சம் நகர்ந்தாலும் இருட்டு. எடையும் கூட.

முதலில் ஜன்னல்தான் என்று எழுதலாம் என்றிருந்தேன். சாப்பிட்டுவிட்டு வந்தேன், குழாய்தான் சரி என்று பட்டது. இப்போது மறுபடியும் ஜன்னல். இரண்டும் நல்லது, இரண்டிலும் குறை உண்டு. அவசரப்படாதே, பார்க்கலாம்.

அக்டோபர் பற்றிக் கேட்டிருக்கிறாய். மீன் வரத்தைப் பொறுத்தது. பார்க்கலாம்.

முழங்காலுக்குச் சூடு கொடு. ரிப்புவின் காதை என் சார்பில் சொறிந்துவிடு.

அன்புடன்,
ஓஸ்மோ


ஹர்மாயார்வி,
1 செப்டம்பர் 2019

ஓஸ்மோ,

இரண்டு "பார்க்கலாம்" எழுதியிருக்கிறாய். ஒரே பக்கத்தில் இரண்டு! நீ நோர்வேக்குக் கிளம்பிய அன்றும் "ஒரு குளிர்காலம் போயிட்டு வர்றேன், அப்புறம் பார்க்கலாம்" என்றுதான் சொன்னாய். மாடுகளை விற்ற பிறகு உனக்குக் காலையில் எழுந்திருக்கவே காரணம் இல்லாமல் போய்விட்டது, எனக்கு அது புரிந்தது, அதனால்தான் சரி என்றேன். நான் சரி என்றது ஒரு குளிர்காலத்துக்கு.

போகட்டும். வியாழக்கிழமை நானே கயானிக்குப் போனேன். வைனோ இரண்டையும் மேஜைமேல் எடுத்து வைத்தான்.

"ரெண்டும் தங்கம்" என்றான்.

"ரெண்டும் தங்கம்னா நான் எதுக்கு இவ்வளவு தூரம் வந்தேன்? எது நல்லதுன்னு சொல்லு."

"விலை ஒண்ணுதான். மனசுக்குப் பிடிச்சதை எடு."

அதைத்தானே என்னால் முடியவில்லை! கடையின் பின்பக்கம் ஆற்றைப் பார்த்த ஜன்னல் ஒன்று இருக்கிறது, அங்கே கூட்டிப்போய் வெறும் கண்ணாடியைக் கையில் கொடுத்தான். முதலில் ஜன்னல் மாதிரியானது. எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்தேன். ஓஸ்மோ, உண்மையைச் சொல்கிறேன், கொஞ்ச நேரம் நான் எதற்கு வந்தேன் என்பதே மறந்துவிட்டது. ஆற்றின்மேல் ஒரு சிவப்பு வெளிச்சம் மிதக்கிறது, பாலத்தின்மேல் ஏறுகிறது, கோபுரத்தில் உட்காருகிறது, மேகத்துக்குள் போகிறது, அங்கேயும் அணையவில்லை. கையை அசைத்தால் அதுவும் வருகிறது. வெளியே லேசாகத் தூறிக்கொண்டிருந்தது.

ஆனால் அது புள்ளி இல்லை. தலை பருத்து, வால் நீண்டு, கீழே வளைந்து, காற்புள்ளி மாதிரி இருந்தது.

"இது கெட்டுப்போனது. வேற குடு" என்றேன். வேறொரு பெட்டியைப் பிரித்தான். அதிலும் வால். மூன்றாவதைப் பிரித்தான். அதிலும் வால்.

"வைனோ, உனக்கு வந்த சரக்கு மொத்தமும் கெட்டது. திருப்பி அனுப்பு!" என்று சத்தமே போட்டுவிட்டேன். கடையில் மீன்தூண்டில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் தன் போனை எடுத்துக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து ஒரு படம் எடுத்தான். என்னிடம் காட்டினான். படத்தில் உருண்டையாக, அழகாக, ஒரே ஒரு புள்ளி.

"கண்ணாடி கெடல, இர்மெலி. உன் கண்ணு அப்படி. நெறைய பேருக்கு இருக்கு, வருஷத்துக்கு நாலு பேர் இதே மாதிரி எங்கிட்ட சண்டைக்கு வர்றாங்க. வெளிச்சம் எல்லாம் உனக்கு இழுத்துக்கிட்டுத்தான் தெரியும். நட்சத்திரம்கூட."

நட்சத்திரத்துக்கு வால் கிடையாதா, ஓஸ்மோ? ஐம்பத்தெட்டு வயது எனக்கு. எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். தெருவிளக்குக்கு மீசை இருக்கிறது என்று நான் சொல்லும்போதெல்லாம் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய், உனக்கு ரசனை இல்லை என்று நான் கோபித்துக்கொள்வேன். ஒரே வானத்தின் கீழே படுத்துக்கொண்டு வேறு வேறு நட்சத்திரங்களைப் பார்த்திருக்கிறோம். இருவரும் பொய் சொல்லவில்லை.

பிறகு குழாயைக் கொடுத்தான். வளையத்தைத் திருப்பினேன். திருப்பத் திருப்ப, குறி பென்சிலால் கீறினாற்போலத் தெளிவாக வந்து நின்றது. வால் இல்லை. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, சிரிக்காதே. நான் வைத்தபடியே வைனோ வாங்கிப் பார்த்தான்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலியே, ஒரே கலங்கலா இருக்கு. இது அவங்கவங்க கண்ணுக்கு வெச்சுக்கறது. மாத்தி மாத்தித் திருப்பிக்கிட்டு இருந்தா மூஸ் அடுத்த ஊருக்குப் போயிடும். ஒரு ஆளுக்குன்னா இதை எடு. ரெண்டு பேர் சுடற துப்பாக்கின்னா ஜன்னலை எடு, கொஞ்சம் வால் இருந்தாலும் பழகிடும். வீட்டுல எத்தனை பேர் சுடறீங்க?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மூக்குக்கண்ணாடி போட்டால் சரியாகுமாம். கண் டாக்டர் நவம்பரில்தான் நாள் கொடுத்திருக்கிறாள், குளிரில் மூச்சு விட்டால் மூக்குக்கண்ணாடி மூடிக்கொள்ளும், அது வேறு.

ஆகவே எது நல்லது என்று இனி உன்னைக் கேட்கவில்லை. வைனோ கேட்டதைத்தான் கேட்கிறேன். ஒருவர் கண்ணுக்கு வாங்கட்டுமா, இருவர் கண்ணுக்கு வாங்கட்டுமா? தேர்வு இருபத்திரண்டாம் தேதி. அதற்குள் ஒரு வார்த்தை எழுது. பார்க்கலாம் என்று மட்டும் எழுதாதே, அப்படி எழுதினால் நான் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடுவேன்.

இர்மெலி


வார்டோ,
10 செப்டம்பர் 2019

என் இர்மெலி,

இருவர் கண்ணுக்கு வாங்கு.

வருகிறேன். செவ்வாய்க்கிழமை இங்கே பஸ் ஏறினால் வியாழக்கிழமை மாலை நம் ஊர்க் கடை வாசலில் இறங்கிவிடலாம். முதலாளியிடம் சொல்லிவிட்டேன். போர்ஹில் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். "நல்லது, போய்யா, உன் பொண்டாட்டிக்கு எத்தனை நாளைக்குத்தான் நான் பதில் சொல்றது" என்றாள். உன்னை அவள் பார்த்ததே இல்லை, ஆனால் உன் பக்கம்தான் பேசுகிறாள்.

நேற்று பனிமூட்டம் விலகியது. துறைமுகத்துச் சுவர்மேல் உட்கார்ந்து நட்சத்திரங்களைப் பார்த்தேன். கண்ணைச் சுருக்கினேன், தலையைச் சாய்த்தேன், இமையை விரலால் இழுத்துக்கூடப் பார்த்தேன். உனக்குத் தெரிகிற மாதிரி வால் தெரியவே இல்லை. கடல் கீழே மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் இவள் சொன்னதற்குச் சிரித்திருக்கிறோமே என்று மனது கஷ்டப்பட்டது. நேரில் வந்து ஒவ்வொன்றாகக் காட்டு, எதற்கு எவ்வளவு நீள வால் என்று. இனிமேல் சிரிக்க மாட்டேன்.

கௌகோவிடம் சொல், என் இடத்தை யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

உன்
ஓஸ்மோ


ஹர்மாயார்வி,
23 செப்டம்பர் 2019

என் அன்பு ஓஸ்மோ,

உன் கடிதம் வந்த அன்றே கயானிக்குப் போய் ஜன்னலை வாங்கிவிட்டேன். "ரெண்டு பேர்" என்றேன் வைனோவிடம். சொல்லும்போது குரல் கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது.

நேற்று தேர்வு. காற்புள்ளியின் தலையை வைத்துச் சுட்டேன், நான்கு குண்டும் பலகைக்கு வலப்பக்கம் போயின. தேர்வு வைத்தவர் தொண்டையைச் செருமினார். அடுத்த முறை வாலை வைத்துச் சுட்டேன், இடப்பக்கம். மூன்றாம் முறை கடவுள் விட்ட வழி என்று நடுவில் எங்கேயோ வைத்துச் சுட்டேன், தேறிவிட்டேன். எல்லாரும் கை தட்டினார்கள். அதைக் குறி பார்த்துச் சுட்டது என்று நான் சொல்ல மாட்டேன். பரவாயில்லை, பழகிக்கொள்கிறேன். சனிக்கிழமை நீ ஏரி முனையில் உட்கார், நான் பின்னால் தீ மூட்டிக் காப்பி வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நான் உட்காருகிறேன், நீ காப்பி வை. உன் காப்பி கஷாயம் மாதிரி இருக்கும், அதையும் குடித்துக்கொள்கிறேன்.

கௌகோவின் மனைவி சினிக்கா என்னைப் படுத்துகிற பாடு இருக்கிறதே! "என்ன இர்மெலி, கன்னமெல்லாம் செவந்து கெடக்கு, புருஷன் வர்றான்னதும் முழங்கால் வலிகூடப் போயிடுச்சு போல" என்று கடையில் எல்லார் முன்னாலும் கேட்டாள். "உன் புருஷன் தினமும் வீட்டுல இருக்கான், உனக்கு ஏன் செவக்கல?" என்றேன். இரண்டு பேரும் பால் பாக்கெட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தோம்.

சவுனா அறையில், நீராவி முகத்தில் அடிக்கிற மேல்பலகையை மாற்றிவிட்டேன். குளிக்கும்போது முதுகில் தட்டப் பூச்ச இலைக்கட்டுகள் எடுத்து வைத்திருக்கிறேன். பூச்சமரமெல்லாம் இப்போது மஞ்சள். ஏரியில் காற்றே இல்லை, மரங்கள் தலைகீழாக நிற்கின்றன, எது கரை எது நீர் என்று பார்த்துக்கொண்டே நேரம் போய்விடுகிறது. பாத்திரம் கழுவுகிற வேலை அப்படியே கிடக்கிறது. நான் சந்தோஷமாக இருக்கிறேன், ஓஸ்மோ. எழுதிவிட்டேன், இனி அடித்துத் திருத்த முடியாது.

பத்தாம் தேதி மாலை கடை வாசலில் நிற்பேன். ரிப்புவும் வரும்.

உன்
இர்மெலி


வார்டோ,
8 அக்டோபர் 2019

இர்மெலி,

இன்று காலை பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். உனக்கு ஒரு கம்பளிக் கையுறை வாங்கி மேலாக வைத்திருந்தேன். மறுபடியும் மூட்டம். விளக்குகள் முதலில் வந்தன, பிறகு பஸ் வந்தது. கதவு திறந்தது. "ஏறுறீங்களா?" என்று ஓட்டுநர் கேட்டான்.

நான் "பார்க்கலாம்" என்றேன்.

அவன் கதவை மூடிக்கொண்டு போய்விட்டான். சிவப்பு விளக்கு இரண்டும் மூட்டத்துக்குள் கரையும்வரை நான் அங்கேயே நின்றேன்.

ஏன் என்று எனக்கே தெரியவில்லை. இங்கே யாரும் என்னிடம் எதையும் கேட்பதில்லை. அங்கே வந்தால் நீ கேட்பாய், கேட்பது நியாயமும்கூட, என்னிடம் பதில் இல்லை. அடுத்த வருஷம் வருகிறேன். என் இடத்தையும் துப்பாக்கியையும் அப்படியே வைத்திரு. கோபப்படாதே.

ஓஸ்மோ


ஹர்மாயார்வி,
20 அக்டோபர் 2019

அன்புள்ள ஓஸ்மோ,

உன் கடிதம் போன புதன்கிழமை வந்தது. அதற்கு முன்னாலேயே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. வியாழக்கிழமை பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் பள்ளிக்கூட டீச்சரும் ஒரு மின்சாரக்காரனும்தான். வெள்ளிக்கிழமையும் போய் நின்றேன். கடைக்காரி உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னாள், நான் ரொட்டி வாங்க வந்ததாகச் சொன்னேன். வீட்டுக்கு வந்து சவுனா அடுப்பின் தீயை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நன்றாக, சத்தம் போட்டு அழுதேன். உனக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை ஏரி முனையில் நான் உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் அந்த இடத்துக்கு மூஸை அனுப்பியவள், அங்கிருந்து பார்த்தது இல்லை. இவ்வளவு அழகான இடமா அது! சதுப்பின்மேல் ஆவி படுத்திருந்தது. குட்டைப் பைன் மரங்கள் இடுப்புவரை அதில் மூழ்கி நின்றன. எங்கேயோ தூரத்தில் விரட்டுகிறவர்களின் சத்தம் கேட்டது, ஆறு பேர் கத்துவது தாலாட்டு மாதிரி வந்து சேர்ந்தது. வருஷா வருஷம் நான் அங்கே கிடந்து கத்தியது உனக்கு இப்படித்தான் கேட்டிருக்கும். நான் தூங்கவில்லை, ஆனால் விழித்திருந்தேன் என்றும் சொல்ல முடியாது.

ஆவிக்குள்ளிருந்து அது வந்தது. கிளைக் கொம்புள்ள பெரிய ஆண் மூஸ். ஓசையே இல்லை. நீர் சொட்டச் சொட்ட என் எதிரே நின்று திரும்பிப் பார்த்தது. துப்பாக்கியை எடுத்தேன். அதன் தோள்மேல் சிவப்பாக ஒரு காற்புள்ளி, வால் வயிறுவரை இழுத்துக்கொண்டு. தலையை வைப்பதா, வாலை வைப்பதா? பலகை என்றால் மூன்று முறை சுட்டுப் பார்க்கலாம். உயிருள்ளதை அப்படிச் சுடக் கூடாது. விரலை எடுத்துவிட்டேன். அது என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன், பிறகு வந்த வழியே ஆவிக்குள் போய்விட்டது.

போனதில் எனக்கு வருத்தமில்லை. இங்கே இல்லாத ஒரு ஆளின் கண்ணுக்காக வாங்கிய கண்ணாடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

திங்கட்கிழமை வைனோவிடம் போனேன். "மாட்டிச் சுட்டுட்டு இப்பக் கொண்டாந்து நீட்டறியே" என்று முணுமுணுத்தான். விலை ஒன்றுதான் என்பதால் ஒருவழியாக மாற்றிக் கொடுத்தான். எத்தனை பேர் என்று இந்த முறை அவன் கேட்கவில்லை. வளையத்தை என் கண்ணுக்கு வைத்து, நகராதபடி மேலே ஒரு நாடா ஒட்டிக் கொடுத்தான்.

நேற்று கறி பங்கு. குழுவில் மற்றவர்கள் இரண்டு மூஸ் அடித்திருந்தார்கள். கொட்டகையில் பலகைமேல் வழக்கம்போலக் குவியல் குவியலாக வைத்தோம், எலும்பும் சதையும் எல்லாருக்கும் சமமாக. இந்த வருஷம், ஓரவஞ்சனை இல்லாமல் இருக்கச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று பெயர் சொல்வது சினிக்காவின் முறை. கௌகோ ஒவ்வொரு குவியலாகக் கையை வைத்து "இது யாருக்கு?" என்று கேட்க, அவள் பார்க்காமல் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு வந்தாள். உன் பெயரைக் குழுவிலிருந்து யாரும் எடுக்கவில்லை, உனக்குத் தெரியுமா? நாலு வருஷமாக உன் பெயரும் சொல்லப்படும், "நான் எடுத்துக்கறேன்" என்று சிரித்தபடி நான் வாளியை நீட்டுவேன், கொண்டுவந்து குளிர்பெட்டியில் போட்டு வைப்பேன்.

கௌகோ ஒரு நல்ல குவியலில் கையை வைத்தான். "இது யாருக்கு?"

"ஓஸ்மோவுக்கு."

நீ வருகிறாய் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேனே. கௌகோ என் வாளியைப் பார்த்தான். நான் வாளியைத் தூக்கவில்லை.

"அந்தப் பேரு வேண்டாம், சினிக்கா. வேற பேரு சொல்லு" என்றேன்.

அவள் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே, மெதுவாகக் கேட்டாள்:

"இந்த வருஷத்துக்கு மட்டுமா, இர்மெலி, இல்ல எப்பவுமா?"

நான் யோசித்தேன். அவசரப்பட்டுச் சொல்லவில்லை, ஓஸ்மோ, நிஜமாகவே யோசித்தேன்.

"எப்பவும்" என்றேன்.

இர்மெலி